உயிருக்கு முன்னாடி இருந்த கெமிஸ்ட்ரி: பூமிக்கு வெளியில என்ன நடந்துட்டு இருக்கு?

"வேற கிரகத்துல உயிர், விஞ்ஞானிகள் உறுதி"ன்னு ஒரு ஃபார்வர்ட் வரும், பத்து நாள் கழிச்சு "அது அப்படி இல்லையாம்"னு இன்னொன்னு வரும், ரெண்டையும் படிக்கற ஸ்கூல் காலேஜ் பசங்க கடைசியில இந்த சப்ஜெக்ட்டே கப்சான்னு விட்டுடறாங்க. எனக்கு அதுதான் ரொம்ப வருத்தமா இருக்கு, ஏன்னா உண்மையில கையில கிடைச்சிருக்கற விஷயம் அந்த தலைப்புச் செய்தியை விட பெருசு. வெறும் கல்லு, காத்து, தண்ணிங்கற நிலையிலேர்ந்து ஒரு உயிருள்ள செல் வரைக்கும் ஒரு நீளமான ரூட் இருக்குன்னு வெச்சுக்கோங்க. அந்த ரூட்டோட முதல் பாதி விண்வெளியில எங்க பாத்தாலும் தானா நடந்துட்டு இருக்கு, அதுக்கு ஆதாரம் லேப்ல டப்பால போட்டு வெச்சிருக்காங்க. ரெண்டாவது பாதி நடந்ததா நமக்குத் தெரிஞ்ச இடம் பூமி ஒண்ணுதான். இந்த வித்தியாசம் மட்டும் மனசுல பதிஞ்சிட்டா போதும், இனிமே எந்த செய்தி வந்தாலும் அது எந்தப் பாதியைப் பத்தி பேசுதுன்னு நீங்களே சொல்லிடலாம்.

முதல்ல அடிப்படை. நம்ம உடம்புல இருக்கற முக்கியமான பொருளெல்லாம் பெரும்பாலும் ஆறு தனிமத்துல அடங்கிடும்: கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், பாஸ்பரஸ், சல்பர். புரோட்டீன்னா அது இருபது வகை அமினோ ஆசிட் சங்கிலியா கோத்தது. பரம்பரைத் தகவலைச் சுமக்கற டிஎன்ஏ, ஆர்என்ஏ ரெண்டும் சேத்து அதுல எழுத்து மாதிரி வர்ற மாலிக்யூல் அஞ்சுதான், அதோட ஒரு சர்க்கரை, ஒரு பாஸ்பேட். செல்லைச் சுத்தி கொழுப்பால ஆன ஒரு சவ்வு. இதையெல்லாம் உயிர் மட்டும்தான் செய்ய முடியும், அதுக்குன்னு ஏதோ தனி சக்தி வேணும்னு ஒரு காலத்துல நம்பினாங்க. 1828ல ஜெர்மனியில ஃப்ரீட்ரிக் வோலர் சிறுநீர்ல இருக்கற யூரியாவை எந்த உயிரோட உதவியும் இல்லாம லேப்ல செஞ்சு காட்டினாரு, அதுலேர்ந்து அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுடுச்சு. சுருக்கமா சொன்னா, ஒரு கார்பன் மாலிக்யூல் எவ்ளோ சிக்கலா இருந்தாலும் அது அங்க இருக்குங்கறதுனால மட்டும் உயிர் இருக்குன்னு ஆயிடாது.

அடுத்த பெரிய படி 1953. சிகாகோவுல ஸ்டான்லி மில்லர்னு ஒரு ஸ்டூடன்ட், அவரோட புரொஃபசர் ஹெரால்டு யூரி. மில்லர் ஒரு கண்ணாடி செட்டப்புக்குள்ள மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி இதை மட்டும் அடைச்சு, மின்னல் மாதிரி ஸ்பார்க் விட்டுக்கிட்டே இருந்தாரு, கொஞ்ச நாள்ல தண்ணி நிறம் மாறிடுச்சு, உள்ள கிளைசின், அலனின் மாதிரி அமினோ ஆசிட் இருந்துச்சு. மில்லர் அப்போ பத்திரமா எடுத்து வெச்ச சின்ன சின்ன குப்பிகளை அவர் இறந்ததுக்கு அப்புறம் புது மெஷின்ல போட்டுப் பாத்து, இன்னும் நிறைய அமினோ ஆசிட் இருக்குன்னு 2008ல சொன்னாங்க. ஆனா இதுல ஒரு சிக்கல். ஆரம்பகால பூமியோட காத்துல மீத்தேனும் அம்மோனியாவும் அவ்ளோ தாராளமா இருந்திருக்காது, கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும்தான் அதிகம்னு இப்போ நிறைய பேர் நினைக்கறாங்க, அந்தக் கலவையில ஸ்பார்க் விட்டா விளைச்சல் ரொம்ப கம்மி. அப்போ பூமிக்கு மூலப்பொருள் எங்கேர்ந்து வந்துச்சு? பூமியிலயே எரிமலை, கடலடி வெந்நீர் ஊற்று பக்கத்துல உருவாகியிருக்கலாம், கொஞ்சம் மேலேர்ந்தும் விழுந்திருக்கலாம். இந்த "மேலேர்ந்து" பத்திதான் மீதிக் கதை.

ஜூலை, ஆகஸ்ட்ல மேகம் இல்லாத ஒரு ராத்திரி ஈசிஆர்ல ஊரைத் தாண்டி கொஞ்சம் இருட்டான இடத்துல நின்னு தெற்கே பாத்தா தனுசு ராசி தெரியும், நம்ம கேலக்ஸியோட நடுப்பகுதி அந்தப் பக்கம்தான். அங்க சஜிட்டேரியஸ் பி2ன்னு ஒரு பிரம்மாண்ட வாயு மேகம் இருக்கு, கண்ணுக்குத் தெரியாது, ரேடியோ டெலஸ்கோப்புக்குத் தெரியும். ஒவ்வொரு மாலிக்யூலும் சுழலும்போது அதுக்கே உரிய ரேடியோ அலையை வெளியிடும், அந்த அலைவரிசையை வெச்சு எது இருக்குன்னு கண்டுபிடிக்கறாங்க. 1960கள் கடைசியில அம்மோனியா, தண்ணி, ஃபார்மால்டிஹைடுன்னு ஆரம்பிச்சது, இன்னிக்கு நட்சத்திரங்களுக்கு நடுவுல கண்டுபிடிச்ச மாலிக்யூல் முந்நூறைத் தாண்டிடுச்சு. ஆல்கஹால் இருக்கு, 2000ல சர்க்கரைக் குடும்பத்தோட ரொம்ப எளிய உறவான கிளைக்கோலால்டிஹைடு கிடைச்சுது.

அவ்ளோ குளிர்ல, மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் பக்கத்துல, கெமிஸ்ட்ரி எப்படி நடக்கும்னு கேக்கலாம், நல்ல கேள்வி. அந்த மேகத்துல வாயு மட்டும் இல்ல, புகையை விடப் பொடியான தூசியும் இருக்கு, அந்தத் தூசி மேல தண்ணி, கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா எல்லாம் ஐஸா ஒட்டிக்கும். ஹைட்ரஜன் அணு ரொம்ப லேசு, அந்தக் குளிர்லயும் ஐஸ் மேல தாவித் தாவி நகரும், கார்பன் மோனாக்சைடோட ஒண்ணு ஒண்ணா சேந்து ஃபார்மால்டிஹைடு ஆகும், இன்னும் சேந்தா மெத்தனால் ஆகும். பக்கத்துல ஒரு நட்சத்திரம் பிறந்து புற ஊதா ஒளி பட்டுச்சுன்னா ஐஸுக்குள்ள பிணைப்பு உடைஞ்சு புதுசு புதுசா சேரும். 2002ல நாசாவோட ஏம்ஸ் சென்டர்ல ஒரு குழு, ஐரோப்பாவுல ஒரு குழு, ரெண்டும் தனித்தனியா இதே மாதிரி ஐஸை லேப்ல செஞ்சு புற ஊதா ஒளி விட்டாங்க, ரெண்டு பேருக்கும் அமினோ ஆசிட் கிடைச்சுது.

இந்தக் கதையில எனக்கு ரொம்ப பிடிச்ச மாலிக்யூல் ஹைட்ரஜன் சயனைடு. நமக்கு அது கொடிய விஷம், ஆனா விண்வெளியில வால்நட்சத்திரத்துலேர்ந்து சனியோட நிலா டைட்டன் வரைக்கும் கிடைக்கற சர்வ சாதாரணமான பொருள். ஸ்பெயின்ல பிறந்த ஜோன் ஓரோ 1960 வாக்குல அமோனியம் சயனைடு கரைசலை சூடாக்கி அதுலேர்ந்து அடினின் எடுத்தாரு. அடினின்னா டிஎன்ஏவுல வர்ற "ஏ", நம்ம செல்லுக்கு எனர்ஜி தர்ற ஏடிபியிலயும் அதே அடினின்தான். அதோட அணுக்களை எண்ணிப் பாத்தா அஞ்சு ஹைட்ரஜன் சயனைடு சேந்தா என்ன வருமோ அதே கணக்கு, ஒரு அணு கூட கூடக் குறைய இல்ல. உயிருக்கு ஆதாரமான ஒரு எழுத்து இவ்ளோ நேரடியா ஒரு விஷத்துலேர்ந்து வர முடியும்னு முதல்ல படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

சரி, மேகத்துல இருக்கறது நம்ம கைக்கு எப்படி வருது? சூரியக் குடும்பம் உருவானப்போ அந்தத் தூசியும் ஐஸும் சேந்து குறுங்கோள் ஆச்சு. அதுக்குள்ள அலுமினியம்-26னு ஒரு கதிரியக்கப் பொருள் இருந்துச்சு, அது சிதையறப்போ வர்ற சூட்டுல உள்ள இருந்த ஐஸ் உருகி, பாறையோட இடுக்குல வெதுவெதுப்பான தண்ணி ரொம்ப காலம் நின்னுச்சு. அந்தத் தண்ணியில ஆல்டிஹைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு மூணும் சந்திச்சா அமினோ ஆசிட் வரும், இது கெமிஸ்ட்ரி புக்ல ஸ்ட்ரெக்கர் ரியாக்‌ஷன்னு இருக்கறதுதான். அந்தப் பாறை பின்னாடி உடைஞ்சு ஒரு துண்டு பூமியில விழுந்தா அதுதான் விண்கல்.

1969 செப்டம்பர் 28ந்தேதி ஆஸ்திரேலியாவுல மர்ச்சிசன்ங்கற ஊர் பக்கத்துல அப்படி ஒண்ணு பட்டப்பகல்ல விழுந்துச்சு, நூறு கிலோவுக்கு மேல பொறுக்கினாங்க. நேரம் எப்படி அமைஞ்சுது பாருங்க, நிலாவுலேர்ந்து அப்பல்லோ 11 கல்லு கொண்டு வந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு, அதை சோதிக்க ரொம்ப சுத்தமான லேபெல்லாம் தயாரா இருந்துச்சு. நாசா ஏம்ஸ்ல அந்த ஆராய்ச்சியில முன்னாடி நின்னவர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையில காலிங்கற ஊர்ல பிறந்தவர், 1948ல பி.ஏ. முடிச்சது நம்ம மெட்ராஸ் யூனிவர்சிட்டியில, அதுவும் தத்துவப் பாடத்துல! அப்புறம் லண்டன் போய் கெமிஸ்ட்ரி படிச்சு, பெர்க்லியில டாக்டர் பட்டம் வாங்கி, உயிர் எப்படி வந்துச்சுங்கற கேள்வியிலயே வாழ்நாளைச் செலவழிச்சாரு. சேப்பாக்கம் பக்கம் பஸ்ல போறப்போ அந்த சிவப்புக் கட்டடத்தைப் பாக்கறவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்னு எனக்கு அடிக்கடி தோணும், பாடப் புத்தகத்துல ஒரு வரி போடலாம்.

1970 டிசம்பர்ல அந்தக் குழு சொன்னது என்னன்னா, மர்ச்சிசன் கல்லுக்குள்ள அமினோ ஆசிட் இருக்கு, அது பூமியில ஒட்டிக்கிட்டது இல்ல. இவ்ளோ உறுதியா எப்படி சொன்னாங்கன்னா, ரெண்டு காரணம். ஒண்ணு, பூமியில இருக்கற உயிர்கள் புரோட்டீன்ல பயன்படுத்தாத அமினோ ஆசிடும் அதுல இருந்துச்சு. இன்னொண்ணுதான் இந்தக் கட்டுரையிலயே முக்கியமான பாயின்ட், அதனால கொஞ்சம் நிதானமா போவோம்.

பெரும்பாலான அமினோ ஆசிட் ரெண்டு வடிவத்துல வரும், இடது, வலது. அதே அணு, அதே எண்ணிக்கை, அதே வரிசை, ஆனா ஒண்ணு இன்னொண்ணோட கண்ணாடி பிம்பம். கபாலீஸ்வரர் கோயில் வாசல்ல விட்ட செருப்பு ஜோடி மாதிரி, ரெண்டும் ஒரே சைஸ், ஒரே தோல், ஆனாலும் இடதுகால் செருப்பு வலதுகால்ல ஏறாது. உயிர் இல்லாத கெமிஸ்ட்ரிக்கு ரெண்டும் ஒண்ணுதான், அதனால சரிபாதியா உருவாக்கும். பூமியில இருக்கற உயிரு, பாக்டீரியாலேர்ந்து யானை வரைக்கும், புரோட்டீன் கட்டறதுக்கு இடது வகையை மட்டும்தான் எடுத்துக்கும், சர்க்கரையில வலது வகையை. அப்போ ஒரு கல்லுல அமினோ ஆசிட் முழுக்க இடதா இருந்தா பூமியோட அழுக்கு ஒட்டியிருக்குன்னு சந்தேகப்படணும், பாதிப் பாதியா இருந்தா உயிர் தொடாத கெமிஸ்ட்ரி. மர்ச்சிசன்ல கிட்டத்தட்ட பாதிப் பாதி.

கிட்டத்தட்டங்கற வார்த்தையை வேணும்னுதான் போட்டேன். 1997ல ஜான் க்ரோனின், சான்ட்ரா பிட்சரெல்லோ ரெண்டு பேரும் அதே கல்லுல, பூமி உயிர்கள் புரோட்டீன்ல சேக்காத ஐசோவாலின் மாதிரி சில அமினோ ஆசிட்ல இடது வகை கொஞ்சம் கூடுதலா இருக்குன்னு காட்டினாங்க. உடனே எல்லாருக்கும் ஒரு ஆசை வந்துச்சு: நாம இடதா இருக்கறதுக்கு விதையே விண்வெளியில போட்டதோ?

இந்த ஆசைக்கு பென்னு ஒரு பதில் சொல்லியிருக்கு. பென்னுங்கறது ஒரு குட்டிக் குறுங்கோள், நாசாவோட ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் அதைத் தொட்டு மண்ணை அள்ளி 2023 செப்டம்பர் 24ந்தேதி யூட்டா பாலைவனத்துல இறக்கிச்சு, மொத்தம் 121.6 கிராம். விண்கல் மாதிரி மழையிலயும் மண்ணுலயும் கிடந்தது இல்ல, காத்து படாம வந்தது, அதனால இதோட மதிப்பே வேற. 2025 ஜனவரியில ரிசல்ட் வந்துச்சு. நம்ம புரோட்டீன்ல இருக்கற இருபது அமினோ ஆசிட்ல 14 இருந்துச்சு, டிஎன்ஏ ஆர்என்ஏவோட அஞ்சு எழுத்தும் இருந்துச்சு, அம்மோனியா தாராளமா இருந்துச்சு, அதோட உப்புத் தண்ணி மெதுவா வத்தி வத்திப் படிஞ்ச உப்புகளும் இருந்துச்சு. அதாவது அந்தத் தாய்ப் பாறைக்குள்ள வெறும் ஈரம் இல்ல, பொருளெல்லாம் செறிவாகிற அளவுக்கு உப்புக் கரைசலே இருந்திருக்கு. அதே வருஷக் கடைசியில ஆர்என்ஏவுல வர்ற ரைபோஸ் சர்க்கரையும் குளுக்கோஸும் அதே மண்ணுல கிடைச்சுதுன்னு ஜப்பான் விஞ்ஞானிகள் தலைமையில ஒரு குழு சொல்லிச்சு. ஆனா இடது வலது? அளந்து பாத்த அமினோ ஆசிட்ல ஏறக்குறைய சரிபாதி. விதை மேலேர்ந்துதான் வந்துச்சுங்கற யோசனைக்கு இது பலத்த அடி, மர்ச்சிசன்ல ஏன் அப்படி, பென்னுவுல ஏன் இப்படிங்கறது இன்னும் தீராத கணக்கு.

ஜப்பானோட ஹயபுசா2 ரியூகு குறுங்கோள்லேர்ந்து 2020 டிசம்பர்ல கொண்டு வந்தது வெறும் 5.4 கிராம், அதுலயும் அமினோ ஆசிடும், ஆர்என்ஏவோட ஒரு எழுத்தான யூராசிலும் கிடைச்சுது. ஐரோப்பாவோட ரோசெட்டா விண்கலம் 67பிங்கற வால்நட்சத்திரத்தைச் சுத்தி இருந்த வாயுவுல கிளைசினும் பாஸ்பரஸும் கண்டுச்சு. இன்னும் அடுக்கிட்டே போகலாம், முதல் பாதி எங்கயும் நடக்குதுங்கறதுக்கு இது போதும். இன்னிக்கும் விண்வெளித் தூசி வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டன் பூமியில விழுந்துட்டுதான் இருக்கு, உங்க வீட்டு மொட்டைமாடியில கூட ஒண்ணு ரெண்டு துகள் கிடக்கலாம்.

இப்போ கஷ்டமான பாதிக்கு வருவோம். அமினோ ஆசிட் இருக்கு, எழுத்து இருக்கு, சர்க்கரை இருக்கு, அப்போ ஏன் பென்னுவுல உயிர் இல்ல? மொதப் பிரச்சினை தண்ணியே. ரெண்டு அமினோ ஆசிட் கோக்கணும்னா நடுவுலேர்ந்து ஒரு தண்ணி மாலிக்யூல் வெளிய போகணும், சுத்திலும் தண்ணியா இருக்கறப்போ அது போகவே விரும்பாது, கோத்ததும் அவிழ்ந்துடும். அதனாலதான் நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சு மாறுற குட்டை மாதிரி இடம் தேவைன்னு ஒரு சாரார் சொல்றாங்க, டார்வினே 1871ல ஒரு நண்பருக்கு எழுதின லெட்டர்ல வெதுவெதுப்பான சின்னக் குட்டைன்னு ஒரு கற்பனை எழுதியிருக்காரு. இன்னொரு சாரார் கடலடி ஊற்றைச் சொல்றாங்க, அங்க காரத்தன்மையான வெந்நீரும் கொஞ்சம் அமிலமான கடல் தண்ணியும் சந்திக்கறப்போ இயற்கையாவே ஒரு எனர்ஜி வித்தியாசம் கிடைக்கும், அட்லாண்டிக்ல 2000ல கண்டுபிடிச்ச லாஸ்ட் சிட்டி ஊற்று அதுக்கு உதாரணம். எனக்கு குட்டைப் பக்கம்தான் கொஞ்சம் சாய்வு, ஆனா சண்டை முடியல.

ரெண்டாவது, எல்லாத்தையும் ஒரே இடத்துல பிடிச்சு வெக்கற உறை. இதுல ஒரு அழகான சோதனை இருக்கு: 1985ல டேவிட் டீமர் மர்ச்சிசன் கல்லுலேர்ந்து கொழுப்பு மாதிரிப் பொருளைப் பிரிச்சு தண்ணியில விட்டாரு, அது தானாவே குட்டிக் குட்டி உருண்டைப் பையா மூடிக்கிச்சு.

மூணாவதுதான் பெரிய மதில்: தன்னைத் தானே காப்பி அடிக்கற ஒரு மாலிக்யூல். காப்பி அடிக்கணும், அதுல அப்பப்போ சின்னத் தப்பு வரணும், நல்லா காப்பி அடிக்கறது ஜெயிக்கணும், இது ஆரம்பிச்ச இடத்துலதான் கெமிஸ்ட்ரி உயிரியலா மாறுது. இன்னிக்கு டிஎன்ஏ செய்ய புரோட்டீன் வேணும், புரோட்டீன் செய்ய டிஎன்ஏவுல இருக்கற தகவல் வேணும், எது முதல்லங்கற முடிச்சு. தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மேன் ரெண்டு பேரும் ஆர்என்ஏ தகவலையும் வெச்சுக்கும், ரியாக்‌ஷனையும் வேகப்படுத்தும்னு காட்டி 1989ல கெமிஸ்ட்ரி நோபல் வாங்கினாங்க, அதுலேர்ந்து முதல்ல ஆர்என்ஏதான் எல்லா வேலையும் பாத்திருக்கும்ங்கற எண்ணம் வலுவாச்சு. நம்ம சிதம்பரத்துல பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009ல நோபல் வாங்கினது செல்லுக்குள்ள புரோட்டீன் செய்யற மெஷினான ரைபோசோமோட வடிவத்தைக் கண்டுபிடிச்சதுக்கு, அவரோட பரிசைப் பகிர்ந்துக்கிட்ட தாமஸ் ஸ்டைட்ஸ் குழுவோட வேலையில தெரிஞ்சது, அந்த மெஷின்ல அமினோ ஆசிடைக் கோக்கற மையமே ஆர்என்ஏதான், புரோட்டீன் இல்ல. நம்ம ஒவ்வொரு செல்லுலயும் அந்தப் பழைய காலத்தோட மிச்சம் இன்னும் ஓடிட்டு இருக்குன்னு இதை எடுத்துக்கலாம். ஆனா எந்த லேப்லயும் சாதாரண மூலப்பொருள்லேர்ந்து ஆரம்பிச்சு, யாரும் நடுவுல கை வெக்காம, தன்னைக் காப்பி அடிக்கற ஆர்என்ஏ வரைக்கும் இதுவரை போனதில்ல.

உயிரே நேரா வானத்துலேர்ந்து விழுந்துச்சுங்கறது வேற வாதம், அதை இதோட கலக்கக் கூடாது. 2001ல கேரளாவுல சிவப்பு மழை பெஞ்சப்போ வேற்று கிரக செல்லுன்னு கூட பேச்சு வந்துச்சு, ஆராய்ச்சி பண்ணினவங்க அது மரத்துலயும் பாறையிலயும் வளர்ற ஒரு பாசியோட ஸ்போர்னு சொல்லிட்டாங்க.

அப்போ ரெண்டாவது பாதி வேற எங்கயாவது நடந்திருக்க வாய்ப்பு? சனியோட நிலா என்செலடஸ். குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர், சென்னை டு கோயம்புத்தூர் ரோட்டு தூரம் அவ்ளோதான், ஆனா ஐஸுக்குக் கீழ முழுக் கடல். தென் துருவத்துல பிளவு வழியா அந்தக் கடல் தண்ணி விண்வெளிக்குப் பீச்சி அடிக்குது, கசினி விண்கலம் அந்தப் பீச்சலுக்குள்ளயே பறந்து போய் உப்பு, கார்பன் மாலிக்யூல், ஹைட்ரஜன் எல்லாம் பாத்துச்சு, அந்த டேட்டாவுலேர்ந்து 2023ல பாஸ்பேட்டும் இருக்குன்னு தெரிஞ்சுது. ஹைட்ரஜன் இருக்குன்னா கீழ வெந்நீரும் பாறையும் ரியாக்ட் ஆகுதுன்னு அர்த்தம். எனக்கு எங்கயாவது ஒரு விண்கலம் அனுப்ப அதிகாரம் குடுத்தா அங்கதான் அனுப்புவேன்.

செய்தி எங்க தடம் மாறுதுன்னு ரெண்டு உதாரணம். 1984ல அன்டார்டிகாவுல கிடைச்ச ஏஎல்எச்84001ங்கற செவ்வாய் விண்கல்லுல புழு மாதிரி உருவம், கார்பன் பொருள் இருக்குன்னு 1996ல சொன்னாங்க, அமெரிக்க அதிபர் கிளின்டன் வரைக்கும் பேசினாரு, பின்னாடி அதுக்கெல்லாம் உயிர் இல்லாமயே விளக்கம் கிடைச்சிடுச்சு. இன்னொண்ணு 124 ஒளியாண்டு தூரத்துல இருக்கற கே2-18பி கிரகம். 2025 ஏப்ரல்ல கேம்பிரிட்ஜ்ல இருக்கற நிக்கு மதுசூதன் குழு அங்க டைமெத்தில் சல்ஃபைடோட தடயம் இருக்குன்னு சொன்னாங்க, பூமியில அது பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்லேர்ந்து வருது. மத்த குழுக்கள் அதே டேட்டாவைப் பாத்துட்டு அந்த சிக்னலே அவ்ளோ பலமா இல்லைன்னாங்க, அதுக்கும் மேல அதே வாயு 67பி வால்நட்சத்திரத்துலயும் இருக்குன்னு 2024லயே தெரிஞ்சிருந்துச்சு, அங்க எந்த நுண்ணுயிரும் கிடையாது. அதனால ஒரு மாலிக்யூலோட பேரைக் கேட்டதும் குதிக்காம, இது உயிர் இல்லாம உருவாகுமான்னு முதல்ல கேளுங்க, அப்புறம் இடது வலது அளந்தாங்களான்னு கேளுங்க. ஐரோப்பாவோட ரோசலின்ட் ஃப்ராங்க்ளின் ரோவர்ல அதை அளக்கற கருவியே இருக்கு, செவ்வாய்ல ரெண்டு மீட்டர் வரைக்கும் துளை போட்டு எடுத்த மண்ணுல அதைப் பாக்கப் போறாங்க, 2028ல கிளம்பறதா திட்டம்.

அதே 2028ல நாசாவோட ட்ராகன்ஃப்ளையும் கிளம்பணும், போற இடம் டைட்டன், சேர்றது 2034ல. டைட்டன்ல மைனஸ் 179 டிகிரி, ஏரியில தண்ணிக்குப் பதிலா மீத்தேனும் ஈத்தேனும், வானத்துலேர்ந்து ஹைட்ரஜன் சயனைடும் இன்னும் சிக்கலான கார்பன் பொருளும் தொடர்ந்து படிஞ்சுக்கிட்டே இருக்கு. ட்ராகன்ஃப்ளை எட்டு ரோட்டர் வெச்ச ட்ரோன், செல்க்ங்கற பள்ளத்தைப் பாத்துப் போகுது. ஏன் அந்தப் பள்ளம்னா, ஒரு காலத்துல ஏதோ மோதி அங்க இருந்த ஐஸ் உருகி, மேல கிடந்த கார்பன் பொருளும் திரவத் தண்ணியும் கலந்து, திரும்ப உறையற வரைக்கும் ரொம்ப காலம் ஒண்ணா இருந்திருக்கும். நம்ம பூமியில அந்தக் கட்டத்தோட தடயத்தை மழையும், எரிமலையும், அதுக்கப்புறம் வந்த உயிரும் சேந்து அழிச்சிடுச்சு. செல்க்ல அது உறைஞ்ச ஐஸுக்குள்ள இன்னும் அப்படியே இருந்தா, எந்த உயிரும் தொடாத கெமிஸ்ட்ரி தானா எவ்ளோ தூரம் போகும்னு முதல் தடவையா நேர்ல அளந்து பாக்க முடியும்.